உலக்கை போயிற்று, உடல் எடை ஏறிற்று!

ஆரணி என்றதும் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று பட்டு. மற்றொன்று அரிசி.

கல்யாணப் பெண் உடுத்துவது ஆரணிப் பட்டு. பந்தியில் இலை நிறைய விழுவது ஆரணி அரிசி. கமண்டல நாக நதிக் கரையில் உள்ள இந்த ஊரில் தறிச் சத்தமும் கேட்கும். அரிசி மில் சத்தமும் கேட்கும்.

இந்த இரண்டு சத்தங்களுக்கும் பெண்களின் உடல் எடைக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்ப முடிகிறதா? உண்டு. பட்டுத்தொழில் பெண்ணை நாள் முழுவதும் உட்கார வைத்தது. அரிசி மில் அவள் கையில் இருந்த உலக்கையை வாங்கி மூலையில் சாத்தியது.

இது ஆரணியில் மட்டும் நடந்தது அல்ல. தமிழ்நாட்டின் சிறிய பட்டணங்கள் எல்லாவற்றிலும் நடந்தது. ஆனால் பட்டும் அரிசியும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

தராசு சொல்லும் கணக்கு

மத்திய அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை "தேசியக் குடும்ப நல ஆய்வு" நடத்துகிறது. வீடு வீடாகப் போகிறார்கள். 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களை எடை போடுகிறார்கள். உயரம் அளக்கிறார்கள்.

1998-99-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு சுமார் 15 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்களாக இருந்தார்கள். 2005-06-ல் எல்லாப் பெண்களையும் சேர்த்து எடுத்த கணக்கில் இது 21 ஆயிற்று. 2015-16-ல் 31. 2019-21-ல் 40!

நகரத்துப் பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 100-க்கு 46 பேர். ஏறக்குறையப் பாதி! கிராமத்தில் 35 பேர். அதுவும் குறைவு அல்ல. இந்தியா முழுவதற்கும் சேர்த்து எடுத்தால் 100-க்கு 24 பேர்தான். தமிழ்நாடு வெகுதூரம் முன்னால் போய்விட்டது.

(ஆண்கள் சிரிக்க வேண்டாம். அதே ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களில் 100-க்கு 37 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள்.)

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தி இருக்கிறது. 2005-06-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 28 பேர் எலும்பும் தோலுமாக, தேவைக்குக் குறைந்த எடையில் இருந்தார்கள். பருத்தவர்களைவிட மெலிந்தவர்களே அதிகம். 15 ஆண்டுகள் கழித்து மெலிந்தவர்கள் 13 பேர். பருத்தவர்கள் 40 பேர். ஒரு பெண் குழந்தை பிறந்து பத்தாம் வகுப்பு படிப்பதற்குள் தராசு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் சாய்ந்துவிட்டது!

எது அதிக எடை?

"நான் ஒன்றும் குண்டு இல்லையே!" என்று பலர் சொல்வார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

உடல் எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்க வேண்டும். எடையை அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். பெல்ஜியம் நாட்டு அறிஞர் குவெட்லே என்பவர் 19-ம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது. விடை 25-க்கு மேல் போனால் அதிக எடை என்று மேலே சொன்ன ஆய்வு வைத்துக்கொள்கிறது.

ஆனால் இந்தியர்களுக்கு இந்த அளவு தாராளம் என்கிறார்கள் நம் நாட்டு டாக்டர்கள். நமக்கு 23-க்கு மேல் போனாலே எச்சரிக்கை. 25-க்கு மேல் போனால் பருமன்.

வகுத்தல் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி: ஐந்து அடி உயரம் உள்ள பெண் 53 கிலோவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 58 கிலோவைத் தாண்டினால் பருமன். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்!

அன்றைய காலை

ஒரு தலைமுறைக்கு முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்துப் பெண்ணின் காலை எப்படி இருந்தது?

விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, குனிந்து கோலம் போட வேண்டும். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இழுக்க வேண்டும். நெல் குத்த வேண்டும். புடைக்க வேண்டும். அம்மியில் அரைக்க வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்ட வேண்டும். விறகு பிளந்து அடுப்பு ஊத வேண்டும். இவ்வளவும் வீட்டு வேலை. அதற்குப் பிறகுதான் கூலி வேலையோ தறி வேலையோ.

உலக்கையைத் தூக்கிப் போடுவது சாதாரண வேலை அல்ல. தோள், முதுகு, இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து உழைக்கும். அந்தப் பெண் எவ்வளவு சோறு சாப்பிட்டாலும் உடம்பில் தங்காது. சாப்பிட வயிறு நிறையச் சோறும் கிடைக்காது.

அதனால்தான் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது அன்று பாராட்டு. மகள் புகுந்த வீட்டிலிருந்து கொஞ்சம் சதைப்பிடிப்போடு வந்தால் தாய்க்கு மனம் குளிரும். நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இந்த எண்ணம் இன்னும் மாறவில்லை. உடம்பு மாறிவிட்டது, பாராட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொன்றாகப் போயிற்று

முதலில் போனது உலக்கை. அரிசி மில் வந்தது. 1955-ம் ஆண்டு வாக்கில் கோயம்புத்தூரில் மின்சார மாவு அரைக்கும் இயந்திரம் பிறந்தது. பிறகு ஆட்டுக்கல்லும் போயிற்று. குழாய் வந்தது, கிணற்றுக் கயிறு போயிற்று. காஸ் அடுப்பு வந்தது, விறகு போயிற்று. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் இலவச மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது.

இவை எல்லாம் நல்லவையே. உலக்கையைத் திரும்பக் கொண்டுவா என்று எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள். கேட்கவும் வேண்டாம். நெல் குத்தித் தோள் இற்றுப்போன பாட்டிமார்களைக் கேட்டால் அந்த வேலையின் அழகு தெரியும்! கவிஞர்கள்தான் அதைப் பாடுவார்கள். குத்தியவர்கள் பாட்டை மறந்து, வலியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

வேலை போயிற்று. சரி. ஆனால் அந்த வேலைக்காகச் சாப்பிட்ட சோற்றின் அளவு குறையவில்லை. கூடியது என்று கூடச் சொல்லலாம். 2008-ல் ரேஷன் கடையில் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் இலவசம் ஆயிற்று. பசி போயிற்று. இது பெரிய காரியம். பட்டினி கிடந்த நாட்டில் இதைவிடப் பெரிய காரியம் வேறு இல்லை. 2007-ல் ரேஷன் கடைக்குப் பாமாயிலும் வந்தது. அதற்கு முன்பு கரண்டிக் கணக்கில் இருந்த எண்ணெய், பாக்கெட் கணக்குக்கு மாறியது.

ஆரணி ஊரின் மாறுதலை 1973 முதல் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற ஆங்கிலப் பேராசிரியை. நெல், அரிசி மில், பட்டு, வட்டிக்கடை என்று ஊரின் தொழில்களை எல்லாம் அவரும் அவருடைய தோழர்களும் கணக்கெடுத்தார்கள். நாற்பது ஆண்டு மாறுதலைப் பற்றி 2016-ல் தொகுப்பு நூலாகவும் வெளியிட்டார். ஒரு சாதாரணப் பட்டணத்துக்கு இப்படி ஒரு வரலாறு அமைவது அபூர்வம். அந்த நூல் ஊரின் வியாபாரத்தைப் பற்றியது. உடம்பின் கதைக்குப் பக்கத்து ஊரான வேலூருக்குப் போக வேண்டும். அதற்கு முன், தறி வீட்டையும் சோற்றுத் தட்டையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

தறி வீட்டில்

பட்டு நெசவு குடும்பத் தொழில். ஒருவர் நெய்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வேலை உண்டு. பட்டு நூலைப் பிரிக்க வேண்டும். ராட்டையில் தார் சுற்ற வேண்டும். அறுந்த இழையைப் பார்த்து முடிய வேண்டும். பெண்களின் கை படாத பட்டுப் புடவை கிடையாது. தறியிலேயே உட்கார்ந்து நெய்கிற பெண்களும் நிறைய உண்டு.

இந்த வேலையில் கண் நோகும். விரல் நோகும். முதுகு நோகும். சாயங்காலம் எழுந்தால் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும். ஆனால் அலுப்பு வேறு. உடல் உழைப்பு வேறு. நாள் முழுவதும் உட்கார்ந்து விரலை மட்டும் அசைத்தால் சாப்பிட்ட சோறு கரையாது. "காலை முதல் மாலை வரை பாடுபடுகிறேன், எனக்கு எப்படிச் சதை போடும்?" என்று கேட்கும் பெண்ணின் கேள்வி நியாயமானது. அவள் பாடுபடுவது உண்மை. அந்தப் பாடு எல்லாம் கண்ணிலும் கையிலும் முடிந்துவிடுகிறது. அதுதான் விஷயம்.

மோட்டார் வைத்த ராட்டை வந்த வீடுகளில் கைக்கும் வேலை குறைந்தது.

கடைசியில் சாப்பிடுகிறவள்

நம் வீடுகளில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? தாய்தான்.

முதலில் கணவன். பிறகு பிள்ளைகள். பொரியலும் கூட்டும் அவர்கள் தட்டுக்குப் போகும். முட்டை இருந்தால் மகனுக்கு. பருப்பின் கெட்டி பாகம் மாமனாருக்கு. தாய் உட்காரும்போது மிச்சம் இருப்பது என்ன? சோறும், அடிக் குழம்பும், ரசமும், ஊறுகாயும். பழைய சோறு வீணாகக் கூடாது என்று அதையும் அவளே போட்டுக்கொள்வாள். பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததும் அவளுக்குத்தான்.

மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள் இளைக்க அல்லவா வேண்டும்? அன்று இளைத்தாள். மிச்சமே இல்லாத காலம் அது. இன்று மிச்சம் இருக்கிறது. ஆனால் மிச்சமாவது எப்போதும் சோறுதான். கடைசியில் சாப்பிடுகிறவள் பருப்பதற்குக் காரணம் இதுவே.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நகர மக்களின் சாப்பாட்டை ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி, தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அதில் பெரும் பங்கு வெள்ளை அரிசி. தவிட்டை இழந்த அரிசி சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாக மாறி வயிற்றில் படியும்.

தீட்டிய அரிசியின் குறையை இந்த நாடு அறிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1918-ல் "பெரிபெரி" என்ற நோயைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். தவிட்டில் உள்ள சத்து போவதால் வரும் நோய் அது. அந்த ஆராய்ச்சிக் கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய உணவு ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. பெரிபெரி மறைந்தது. வெள்ளை அரிசி மோகம் மறையவில்லை.

பருத்த பெண்ணுக்குச் சத்து நிறைய இருக்கும் என்று நினைப்பதும் தவறு. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். பருத்தவர்கள் 40, ரத்தம் குறைந்தவர்கள் 53. ஒரே பெண் இரண்டு கணக்கிலும் வருவது உண்டு! மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது. "பலவீனமாக இருக்கிறது" என்று இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறாள். எடை ஏறுகிறது. ரத்தம் ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது சோறு அல்ல. கீரையும் பருப்பும் முட்டையும், டாக்டர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும்.

வேலூரில் எடை போட்ட குழந்தைகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. 1900-ம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது அது.

1969 முதல் 1973 வரை அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள், வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை எடை போட்டுக் குறித்து வைத்தார்கள். அத்தோடு விடவில்லை. அந்தக் குழந்தைகள் வளர வளர அளந்தார்கள். அவர்களுக்கு 28 வயது வாக்கில் ஆனபோது 2,000-க்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து ரத்தத்தைச் சோதித்தார்கள்.

என்ன தெரிந்தது? கைக்குழந்தையாக இருந்தபோது மெலிந்திருந்து, வளர்ந்த பிறகு எடை கூடியவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு அதிகம்!

இது ஏன்? புனா நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் ஒரு காரணம் சொன்னார். அவர் புனா வட்டாரக் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். நம் குழந்தை 2.7 கிலோ. ஆங்கிலக் குழந்தை 3.5 கிலோ. நம் குழந்தைக்குச் சதை குறைவு, எலும்பு குறைவு. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றில் பட்டினி கிடந்த குழந்தை, கிடைத்ததைக் கொழுப்பாகப் பதுக்கி வைக்கக் கற்றுக்கொண்டே பிறக்கிறது.

இதே டாக்டர், ஆங்கில டாக்டர் யட்கின் என்பவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று 2004-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. இருவருக்கும் எடைக் கணக்கு ஒன்றே: 22.3. பார்க்க இருவருமே ஒல்லி. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் 100-க்கு 9 பங்கு கொழுப்பு. நம்மவர் உடம்பில் 21 பங்கு!

இன்று 50 வயதைத் தாண்டிய பெண்மணிகள் அந்த வேலூர்க் குழந்தைகளின் வயதுக்காரர்கள். பஞ்ச காலத்துத் தாய் சுமந்த வயிற்றில் பிறந்தவர்கள். மலிவு அரிசிக் காலத்தில் நடு வயதை அடைந்தவர்கள். அவர்கள் பருத்ததற்குச் சோம்பலும் நாக்கு ருசியும்தான் காரணம் என்று சொல்வது அநியாயம்.

அதே ஆஸ்பத்திரியார் 1991-94-லும் மறுபடி 2010-12-லும் வேலூர் நகரத்திலும் கிராமத்திலும் பெரியவர்களைச் சோதித்தார்கள். உடற்பருமன் பெருகியிருந்தது. சர்க்கரை வியாதியும் பெருகியிருந்தது. நகரத்தில் மட்டும் அல்ல, கிராமத்திலும் அப்படியே.

சென்னையில் 1989-ல் பெரியவர்களில் 100-க்கு 8 பேருக்குச் சர்க்கரை வியாதி. 2004 வாக்கில் 14 பேர். இந்தியா முழுவதும் 10 கோடிப் பேருக்கு மேல் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். உலகமும் இதே வழியில் போகிறது. மிகவும் பருத்தவர்கள் உலகில் 100 கோடிக்கு மேல் என்று 2024-ல் வெளிவந்த ஆய்வு கூறியது.

ஆபரேஷனா காரணம்?

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். அதிலிருந்துதான் சதை போட்டது" என்று சொல்லாத பெண்கள் குறைவு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆகவே பருத்தவர்களிலும் பாதிக்கு மேல் அவர்களாகத்தான் இருப்பார்கள்! அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். உடம்பின் சுரப்பிகளைத் தொடுவது இல்லை. பிள்ளை பெற்ற பிறகு தரும் நெய்யும் ஓய்வும், ஏறுகிற வயதும்தான் எடையைக் கூட்டுகின்றன. பழி ஆபரேஷன்மேல் விழுகிறது.

கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பருத்த பெண்களுக்கு இது அதிகம் வரும். பிரசவத்தோடு போய்விடும். ஆனால் பின்னால் நிரந்தரமாகத் திரும்பி வரக்கூடும். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் பிற்காலத்தில் வரலாம். சென்னை டாக்டர் வீ. சேஷையா இதற்கு எளிய சோதனை ஒன்றைப் பரப்பினார். கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் பார்த்தால் போதும். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் செய்யலாம். பஸ் ஏறி வருகிற பெண்ணைப் பட்டினி போட வேண்டாம்.

ஒரு நூல் போதும்

வயிற்றில் படியும் கொழுப்புதான் மிகவும் பொல்லாதது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. டேப் இல்லாவிட்டால் பாதகம் இல்லை. தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம்? தலை உச்சி முதல் பாதம் வரை உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை எடுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டால் சரி. தொடவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு என்ன செய்வது? பவுடரும் சூரணமும் விற்பவர்களிடம் காசைக் கொடுக்க வேண்டாம். பட்டினியும் கிடக்க வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் வைத்துக்கொள்ளலாம். தாய்க்கு உரிய பொரியலை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டால் மிச்சச் சோற்றுக்கு வேலை இல்லை. ராட்டையிலிருந்து அடிக்கடி எழுந்து பத்து நிமிஷம் நடக்கலாம்.

நடந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்காக ஒரு சோதனை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதி வரும் நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. வெறுமனே விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரண்டையும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசைப் பார்த்து மனம் உடைந்து பாதியில் விட்டிருந்தால் அந்தப் பலன் கிடைத்திருக்காது.

30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு கேட்கமாட்டார்கள். வீடு தேடி வந்து பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தையும் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது.